ஏழை வழக்குப் போடலாம், வக்கீலுக்குப் படிக்கக் கூடாதா?

பண்ருட்டிப் பக்கம் ஒரு சிற்றூரில், பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள பிரவுசிங் சென்டரில் வேலை பார்க்கிறேன். ஒன்பது வருஷமாக ஊராருக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. வருமானச் சான்று, பட்டா மாறுதல், டி.என்.பி.எஸ்.சி., நீட், போலீஸ் தேர்வு என்று எந்தப் படிவமாக இருந்தாலும் எந்தப் பக்கத்தில் என்ன கேட்பார்கள் என்பது எனக்கு மனப்பாடம். ஒரு படிவத்துக்கு ஐம்பது ரூபாய் வாங்குவோம். ஆயிரக்கணக்கான பேருக்குப் போட்டுக் கொடுத்த இந்தக் கையால், கூடப் பிறந்த தங்கையின் ஒரே ஒரு விண்ணப்பத்தைக் கட்டணப் பக்கத்துக்கு அப்பால் கொண்டுபோக முடியவில்லை. இரண்டு வருஷமாக அது நெஞ்சில் நெருப்பாகக் கிடக்கிறது. இன்று எழுதிவிடுகிறேன்.

தங்கைக்கு ஒன்பது வயதாகும்போது அப்பா சாலை விபத்தில் செத்துப்போனார். இழப்பீட்டு வழக்குக்கு வக்கீல் வைக்க எங்களிடம் வழியில்லை. யாரோ சொல்லி, அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு கடலூர் நீதிமன்றத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போனார். அங்கே ஒரு பெண் வக்கீலை எங்களுக்காக நியமித்தார்கள். அம்மா முந்தானை முடிச்சை அவிழ்க்கப் போனபோது, "ஒரு பைசா தர வேணாம்மா, சட்டமே அப்படித்தான் சொல்லுது" என்றார் அவர். அன்றைக்கு முழுக்கத் தங்கை அந்த வக்கீலம்மாவின் கழுத்தில் இருந்த வெள்ளைப் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் நோட்டுத் தாளில் இரண்டு பட்டை கிழித்துக் கழுத்தில் செருகிக்கொண்டு நின்றாள். "அண்ணா, நான் இதுதான் ஆவேன்" என்றாள். பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் அந்தப் பேச்சு மாறவில்லை.

எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியில் படித்தவள். தேசிய அளவில் சட்டப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன, அதில் சேர நுழைவுத் தேர்வு இருக்கிறது என்பதே பள்ளியில் பலருக்குத் தெரியாது. ஆங்கில ஆசிரியை ஒருவர் சொல்லித்தான் இவளுக்குத் தெரிந்தது. அந்தத் தேர்வு முழுக்க ஆங்கிலத்தில். கோச்சிங் போகக் காசு ஏது? நூலகத்தில் ஆங்கிலப் பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டு, தெரியாத சொல்லையெல்லாம் ஒரு நோட்டில் எழுதுவாள். நான் சென்டரில் பழைய வினாத்தாள்களை, ஒரு பக்கம் அச்சாகி வீணான தாளின் மறுபக்கத்தில் பிரிண்ட் போட்டுக் கொடுப்பேன். ராத்திரி அம்மா முந்திரி உடைத்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் உட்கார்ந்து இவள் நேரம் குறித்துக்கொண்டு எழுதிப் பார்ப்பாள்.

அவள் எழுத நினைத்த தேர்வின் பெயரை இங்கே சொல்ல மாட்டேன். ஒன்றை மட்டும் குற்றம் சொல்லி மற்றதைத் தப்பவிட எனக்கு மனமில்லை. அந்த அறிவிப்பில், வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு, உரிய அதிகாரி தந்த சான்றிதழை இணைக்க வேண்டும் என்று போட்டிருந்தது. அந்த ஒரு வரியை நம்பித்தான் மோசம் போனோம்.

தமிழ்நாட்டில் வறுமைக்கோட்டு அட்டை என்று தனியாக ரேஷன் அட்டை கிடையாது. அட்டை உள்ள பெரும்பாலோருக்கும் அரிசி உண்டு. அட்டையில் முன்னுரிமைக் குடும்பம், முன்னுரிமையற்ற குடும்பம், அந்தியோதயா என்றுதான் அச்சிட்டிருக்கும். எங்களுடையது முன்னுரிமை அட்டை. அதை ஸ்கேன் செய்து அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து, செல்லத்தக்க சான்றிதழை இணைக்கவும் என்று பதில் வந்தது. அறுபது ரூபாய் கட்டி வருமானச் சான்று வாங்கி அனுப்பினேன். அதே வரி திரும்பி வந்தது, ஒரு எழுத்து மாறாமல். கிராம நிர்வாக அலுவலரிடம் போனேன். "வருமானம்தான்பா நாங்க குடுப்போம். வறுமைக்கோடுன்னா ஒன்றிய ஆபீஸ்ல கேளு" என்றார். ஒன்றிய அலுவலகத்தில் பட்டியலைப் புரட்டினார்கள். அதில் அம்மாவின் பெயர் இல்லை. பட்டியல் எடுத்த வருஷம் அப்பா உயிரோடு இருந்தார், லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். "இப்ப புதுசா சேர்க்க முடியாது தம்பி" என்றார்கள். தேர்வு நடத்துகிறவர்களின் உதவி எண்ணுக்கு எத்தனையோ தடவை போன் அடித்தேன். ஒரே ஒரு முறை எடுத்தார்கள். எங்கள் மாநிலத்தில் அப்படி ஒரு அட்டையே இல்லை என்று சொன்னேன். படிவத்தில் என்ன கேட்டிருக்கிறதோ அதைத் தாருங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார்கள்.

இதிலேயே பதின்மூன்று நாள் ஓடிப்போனது. சலுகை கிடையாது என்று முதல் நாளே சொல்லியிருந்தால், முதல் நாளே கடன் கேட்டிருப்போம். ஏழைக்குச் சலுகை உண்டு என்று எழுதி வைத்து, நீ ஏழை என்பதை நாங்கள் சொல்கிற தாளில் நிரூபி என்று அலையவிட்டு, கடைசி நாளுக்கு முந்தின நாள் கையை விரித்தார்கள். சலுகையே இல்லாத தேர்வில் இவ்வளவு கெட்டிருக்க மாட்டோம்.

கடைசி நாள் தீபாவளிக்கு மறுநாளாக அமைந்தது. ஊரில் யார் கையிலும் காசில்லாத நாள். நான் வைத்திருந்ததும் நண்பன் தந்ததும் போக, இன்னும் ஆயிரத்து எண்ணூறு ரூபாய் குறைந்தது. அம்மாவின் வங்கிக் கணக்கில் நூறு நாள் வேலைக் கூலி ஏறியிருந்தது. வங்கி விடுமுறை. அம்மாவிடம் ஏ.டி.எம். கார்டும் இல்லை. சென்டரில்தான் கைரேகை வைத்துப் பணம் எடுக்கும் மெஷின் இருக்கிறதே என்று ராத்திரி எட்டரை மணிக்கு அம்மாவை வரச் சொன்னேன்.

முந்திரிக் கொட்டை உடைக்கிறவர்களின் கையை நீங்கள் பார்த்ததுண்டா? கொட்டைத் தோலில் ஒரு எண்ணெய் உண்டு. பட்ட இடம் வெந்து கறுத்துத் தோல் உரியும். சாம்பல் தடவிக்கொண்டுதான் உடைப்பார்கள், அப்படியும் விடாது. இருபது வருஷம் உடைத்த விரலில் ரேகை இருக்காது. அம்மா வலது கட்டை விரலை வைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. இடது கட்டை விரல், ஆள்காட்டி விரல் என்று ஒவ்வொன்றாக வைத்தார். தங்கை தன் தாவணியால் அம்மாவின் விரலைத் துடைத்துத் துடைத்து வைத்தாள். கொஞ்சம் எண்ணெய் தடவினால் எடுக்கும் என்று நானே மற்றவர்களுக்குச் சொல்வேன், அதையும் செய்து பார்த்தேன். பத்து விரலும் முடிந்தது. ரேகை பொருந்தவில்லை, ரேகை பொருந்தவில்லை என்றே திரையில் வந்தது. அம்மா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு, "என் கைதான் பாவி கை" என்றார். அந்தக் கைதான் எங்கள் இரண்டு பேருக்கும் சோறு போட்டது.

கல்லாவில் அன்றைய வசூல் இருந்தது. முதலாளி வெளியூரில் இருந்தார், போன் எடுக்கவில்லை. கேட்காமல் அதில் கைவைக்க எனக்கு மனம் வரவில்லை. பதினொன்றே முக்கால் வரைக்கும் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் அடித்தேன். பன்னிரண்டு மணிக்கு அந்தப் பக்கம் மூடிக்கொண்டது. தங்கை அழவில்லை. "பரவால்ல விடுண்ணா" என்றாள். அன்றைக்கு எடுத்திருக்கலாமே என்று இன்றைக்கும் கல்லாவைத் திறக்கிறபோதெல்லாம் தோன்றுகிறது. நாணயமாக இருந்த ஒருவனை, இருந்திருக்கக் கூடாதோ என்று தன்னையே கேட்க வைத்த கட்டணம் அது.

இது எங்கள் வீட்டுக் கதை. இனி நாடறிந்த கணக்கைச் சொல்கிறேன்.

தேசிய சட்டப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் பொதுத் தேர்வு கிளாட். 2008இல் தொடங்கியது. இதற்குச் சமீப ஆண்டுகளில் விண்ணப்பக் கட்டணம் 4,000 ரூபாய். பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 3,500 ரூபாய். பிற்படுத்தப்பட்டவருக்கு ஒரு ரூபாய்கூடக் குறைவு கிடையாது. மாற்றுத்திறனாளிக்கும் கிடையாது. வெளிநாடு வாழ் இந்தியரின் பிள்ளை கட்டும் அதே நாலாயிரத்தைத்தான் முந்திரி உடைப்பவரின் பிள்ளையும் கட்ட வேண்டும். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்கிறேன் என்று சான்று காட்டி நிரூபித்தாலும் குறைவது 500 ரூபாய். சாப்பாட்டுக்கே வழியில்லை என்று அரசு முத்திரை குத்திய வீட்டில் மூவாயிரத்து ஐந்நூறு மட்டும் எங்கிருந்து முளைக்கும்? 2024-25இல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவித்த கூலி ஒரு நாளைக்கு 319 ரூபாய். நாலாயிரம் சேர்க்கப் பதின்மூன்று நாள் வெயிலில் நிற்க வேண்டும், அதுவும் அந்தப் பதின்மூன்று நாளும் வீட்டில் யாரும் சாப்பிடாமல் இருந்தால். அதைக் கட்டினால் கிடைப்பது இரண்டு மணி நேரம் உட்கார்ந்து எழுதும் உரிமை மட்டும்தான்.

எழுதித் தேறினாலும் கலந்தாய்வுக்குப் பதிவு செய்யப் பொதுப் பிரிவினர் 30,000 ரூபாய், இடஒதுக்கீட்டுப் பிரிவினர் 20,000 ரூபாய் கட்ட வேண்டும். சேர்ந்தால் கல்விக் கட்டணத்தில் கழித்துக்கொள்வார்கள் என்பார்கள். கழிப்பது பிறகு. முதலில் கட்டியாக வேண்டுமே, அதுவும் சில நாள் கெடுவுக்குள். கல்விக் கடனுக்கு வங்கிக்குப் போனால், இடம் கிடைத்த கடிதம் எங்கே என்று கேட்பார்கள். இடம் கிடைக்க முதலில் இந்தப் பணம் வேண்டும். இந்த இடுக்கில் எத்தனை பிள்ளைகள் நசுங்கியிருப்பார்கள்!

"தேர்வு நடத்தச் செலவாகாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆகட்டும். ஐ.ஏ.எஸ். அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் தேர்வை மத்திய தேர்வாணையம் நாடு முழுக்க நடத்துகிறது. அதன் முதல்நிலைத் தேர்வுக்குக் கட்டணம் 100 ரூபாய். பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அதுவும் கிடையாது. மாவட்ட ஆட்சியர் ஆக நூறு ரூபாயில் முதல் தேர்வெழுதலாம், வக்கீலுக்குப் படிக்க நாலாயிரமா? அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2020இல் பெங்களூரு தேசிய சட்டப் பள்ளி, கிளாட்டிலிருந்து விலகித் தானே இணையவழியில் ஒரு தேர்வை நடத்தியது. அதற்குக் கட்டணம் 150 ரூபாய், பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 125 ரூபாய். வேறு காரணங்களுக்காக உச்ச நீதிமன்றம் அந்தத் தேர்வை ரத்து செய்துவிட்டது. ஆனாலும் நூற்றைம்பது ரூபாய் வாங்கிச் சட்டப் படிப்புக்குத் தேர்வு வைக்க முடியும் என்பதை அவர்களே காட்டிவிட்டார்கள் அல்லவா? டெல்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகம் நடத்தும் தனித் தேர்வில், பட்டியல் இனத்தவரிலும் பழங்குடியினரிலும் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கட்டணமே இல்லை. முழு விலக்குத் தர மனம் இருந்தால் வழி இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் காசு என்று நாம் சொல்லும் அமெரிக்காவிலும் சட்டக் கல்லூரித் தேர்வான எல்சாட்டுக்குக் கட்டண விலக்கு முறை இருக்கிறது. தேர்வுக் கட்டணம் 200 டாலருக்கு மேல். ஆனால் குடும்ப வருமானத்தை அரசு அறிவித்த வறுமை அளவோடு ஒப்பிட்டு இரண்டு படிகளாக விலக்குத் தருகிறார்கள். முதல் படியில் வருகிறவர் இரண்டு முறை தேர்வெழுதலாம், ஆறு கல்லூரிகளுக்குத் தன் மதிப்பெண் தொகுப்பை அனுப்பலாம், எதற்கும் கட்டணம் கிடையாது. விலக்குப் பெற்றவரிடம் பல கல்லூரிகள் விண்ணப்பக் கட்டணமும் வாங்குவதில்லை. அங்கே விலக்கு முதலில், தேர்வுக்குப் பதிவு செய்வது அதற்குப் பிறகு. முடிவு கையில் வந்த பிறகு பதிவு செய்யலாம். எங்கள் வீட்டில் போன பதின்மூன்று நாளை நினைத்துக்கொண்டு இதைப் படித்தபோது நெஞ்சு வெடித்தது.

என் ஆற்றாமை முழுவதும் இனிமேல் சொல்வதில்தான் இருக்கிறது. ஏழைக்குக் கட்டணம் தடையாக இருக்கக் கூடாது என்பது இந்த நாட்டுச் சட்டத்துக்குத் தெரியாத செய்தியா? நீதிமன்றக் கட்டணம் கட்ட வசதியில்லாதவர் கட்டாமலே வழக்குத் தொடுக்க உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 33ஆம் கட்டளை என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. பாப்பர் வழக்கு என்று கோர்ட்டில் சொல்வது அதைத்தான். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், பெண் என்றால் வருமானத்தைக்கூடக் கேட்காமல் இலவசமாக வக்கீல் தருகிறது. எங்கள் அம்மாவுக்கு வக்கீல் கிடைத்தது அப்படித்தான். 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் இன்னொரு தீர்ப்புச் சொன்னது. படித்து முடித்தவர்கள் வக்கீலாகப் பதிவு செய்ய, மாநில பார் கவுன்சில்கள் ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டிருந்தன. சட்டத்தில் உள்ளபடி 750 ரூபாய்க்கு மேல், பட்டியல் இனத்தவர், பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று நிறுத்தியது. வசதியற்றவர்களை அந்தக் கட்டணம் தொழிலுக்குள் நுழைய விடாமல் தடுக்கிறது, அது சமத்துவத்துக்கு விரோதம் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

படித்து முடித்து வெளியே வருகிற வாசலில் 750 ரூபாய்க்கு மேல் வாங்குவது அநியாயம் என்றால், படிக்க உள்ளே போகிற வாசலில் 4,000 ரூபாய் வாங்குவது எப்படி நியாயமாகும்? கட்சிக்காரியாக வந்த பெண்ணிடம் ஒரு பைசா வேண்டாம் என்கிற சட்டம், அவள் மகள் வக்கீலாக வர நினைக்கும்போது மட்டும் ஏன் கை நீட்டுகிறது? ஏழை காலமெல்லாம் கட்சிக்காரராகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்பதா?

"நாலாயிரம் ஒரு காசா, கையில் போன் வைத்திருக்கிறீர்களே" என்று சிலர் என் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார்கள். அந்தப் போன் இல்லாவிட்டால் ஓ.டி.பி. வராது, ரேஷன் குறுஞ்செய்தி வராது, இந்த விண்ணப்பத்தையே திறக்க முடியாது ஐயா. ஒரு பிள்ளை ஒரே ஒரு விண்ணப்பத்தோடு நிற்பதும் இல்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை இரண்டு மூன்று தேர்வுக்குப் பணம் கட்டிவிட்டு, எது கிடைக்கிறதோ அதில் சேருகிறது. எங்கள் பிள்ளை ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, அதில் தவறினால் போயிற்று. அதற்கும் பணம் கட்ட முடியாதபோது, அவள் தோற்றாள் என்றுகூட யாரும் சொல்ல முடியாது. எந்தக் கணக்கிலும் அவள் பெயர் இல்லை. எத்தனை பேர் எழுதினார்கள், எத்தனை பேர் தேறினார்கள் என்று எண்ணுகிறவர்களுக்கு, கட்டணப் பக்கத்தில் நின்றுபோனவர்கள் கண்ணில் படுவதே இல்லை.

உதவுகிற நல்லவர்கள் இல்லாமல் இல்லை. மறைந்த சட்டப் பேராசிரியர் ஷம்நாத் பஷீர் 2010இல் இடியா என்ற அமைப்பைத் தொடங்கி, வசதியற்ற பிள்ளைகளைத் தேடிப் பிடித்துச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்குப் பயிற்சி கொடுக்க வழி செய்தார். தமிழ்நாட்டில் அரசு, சட்டக் கல்லூரிகளில் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே சேர்க்கிறது. 2021 முதல் சட்டம் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத இடமும் உண்டு. இவற்றையெல்லாம் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் எங்கேயோ ஒரு நல்லவர் கண்ணில் பட்டால்தான் பிழைப்பாள் என்ற நிலையில் ஒரு பிள்ளையை நிறுத்துவது நியாயமில்லை. நாட்டின் பெயரைச் சுமக்கும் பல்கலைக்கழகங்கள் தங்கள் வாசலைத் தாங்களே திறக்க வேண்டும்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. முன்னுரிமை அட்டையோ அந்தியோதயா அட்டையோ வருமானச் சான்றோ, அந்தந்த மாநிலத்தில் எது உண்டோ அதை ஏழைக்குச் சான்றாக ஏற்றுக்கொள்ளுங்கள். அரசுப் பள்ளியில் படித்தாள் என்று தலைமையாசிரியர் எழுதிக் கொடுத்தாலே போதும் என்று வையுங்கள். சலுகை என்று ஐந்நூறு ரூபாயைக் கிள்ளிக் கொடுக்காமல், முழுக் கட்டணத்தையும் விலக்குங்கள். விலக்கு உண்டா இல்லையா என்பதைக் கடைசித் தேதிக்கு ஒரு மாதம் முன்னாலேயே சொல்லுங்கள். பதில் வராத விண்ணப்பத்துக்குக் கெடுவை நீட்டுங்கள். கலந்தாய்வுப் பணத்தை ஏழைப் பிள்ளையிடம் முன்கூட்டிக் கேட்காதீர்கள். போன் அடித்தால் எடுங்கள்.

தங்கைக்குப் பிளஸ் டூ மதிப்பெண் அந்த வருஷம் அரசு சட்டக் கல்லூரிக்கும் எட்டவில்லை. அந்த ராத்திரிக்குப் பிறகு அவள் புத்தகத்தைத் தொடவே பல நாளாயிற்று, எப்படி எட்டும்? இப்போது அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு படிக்கிறாள். பட்டம் வாங்கிய பிறகு மூன்று வருஷச் சட்டப் படிப்பு இருக்கிறதே என்று ஒரு நாள் மெல்லச் சொன்னேன். "அப்ப எவ்வளவுண்ணா கட்டணும்?" என்று கேட்டாள். படிக்க எத்தனை பாடம், எந்த ஊர் என்று கேட்கிறவளாக இருந்தவள், முதல் கேள்வியாக அதைத்தான் கேட்டாள்.

போன ஐப்பசியில் எங்கள் பள்ளியிலிருந்து இன்னொரு பிள்ளை அதே தேர்வுக்கு விண்ணப்பம் போட வந்தாள். கூட அவள் பாட்டி வந்திருந்தார். ரேஷன் அட்டையை நீட்டி, "சலுகை உண்டாமே தம்பி" என்று கேட்டார். அதை நம்பாதீங்க பாட்டி, இன்றைக்கே பணத்துக்கு ஏற்பாடு பண்ணுங்கள் என்று சொன்னேன். அந்தப் பாட்டி ஒன்றும் பேசாமல் அட்டையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். அவர் விரல்களும் கறுத்துத் தோல் உரிந்திருந்தன.